காரைக்குடி பக்கத்து டே சென்டர்: குடியையும் மனசையும் சேத்துப் பாக்குற இடம், எங்க அனுபவம்

வீட்ல ஒருத்தர் குடிக்கிறார், அதோட மனசும் சரியில்லன்னா சிவகங்கை மாவட்டத்துல எங்க கூட்டிட்டுப் போறதுன்னு தெரியாம ரொம்ப காலம் அலைஞ்ச குடும்பம் எங்களுது, இப்ப அதே மாதிரி தேடிட்டு இருக்குறவங்களுக்கு உதவும்னுதான் இத எழுதுறேன். எங்க அண்ணன் போய்ட்டு இருக்குற டே சென்டர், அதாவது காலைல போய் சாயங்காலம் வீட்டுக்கு வந்துர்ற இடம், காரைக்குடில இருந்து டவுன் பஸ்ல போற தூரத்துல இருக்கு, ஒரு சின்ன டிரஸ்ட் நடத்துது. பேரையும் ஊரையும் போடல, ஏன்னா அந்தத் தெருவுல அந்த வாசல்ல யார் நின்னாலும் "இவன் எதுக்கு வந்துருக்கான்"னு சாயங்காலத்துக்குள்ள ஊருக்கே தெரிஞ்சுரும், வர்றவங்க யாருன்னு வெளிய போகக்கூடாதுங்குறதுல அவங்க ரொம்ப கறாரா இருக்காங்க, எனக்கும் அதுல முழு சம்மதம். வேணுங்கிறவங்க அரசு ஆஸ்பத்திரி மனநலப் பிரிவுல கேட்டுப் பாருங்க, எங்களுக்கும் அங்க வச்சுத்தான் சொன்னாங்க. நல்ல இடம், நம்பிப் போகலாம், ஆனா குறையும் இருக்கு, அதையும் மறைக்காம கீழ எழுதிருக்கேன். ஸ்டார் போடச் சொன்னா 5க்கு 4 போடுவேன்.

இடம் ஒரு பழைய செட்டிநாட்டு வீடு, சொந்தக்காரங்க எல்லாம் வெளிநாட்டுலயும் சென்னைலயும் இருக்காங்க, பூட்டிக் கெடந்த வீட்ட டிரஸ்ட்டுக்கு பயன்படுத்த குடுத்துருக்காங்க. முகப்புல பதிவு பண்ற மேஜை, வளவுல, அதாவது நடு முத்தத்துல, வர்றவங்க உக்காந்து வேல செய்யுறது பேசுறது எல்லாம், ரெண்டாம் கட்டுல சாப்பாடு. வளவு திறந்த வெளிங்குறதால வெளிச்சமும் காத்தும் நல்லா இருக்கும், ஆத்தங்குடிக் கல்லு போட்ட தரை, வெயில் நேரத்துலயும் குளுகுளுன்னு இருக்கும். இத ஏன் சொல்றேன்னா நாங்க இதுக்கு முன்னாடி பாத்த இடங்கள்ல ஜன்னலே இல்லாத ரூம், கம்பிக்கதவு, பினாயில் நாத்தம், உள்ள போகும்போதே அண்ணன் முகம் செத்துப் போயிரும். இங்க வந்த மொத நாள் அவரு தூணுல சாஞ்சு உக்காந்துட்டு "இருந்து பாக்குறேன்"னாரு, அவரா அப்படி சொன்னது அதான் மொத தடவ.

அண்ணன் கல்யாண சமையல் மாஸ்டர். தெரிஞ்சவங்களுக்குத் தெரியும், முகூர்த்த சீசன்ல ராத்திரி 2 மணிக்கு விறகடுப்பு முன்னாடி நிக்கணும், உடம்பு வலிக்குதுன்னு ஒரு கட்டிங், தூக்கம் வரலன்னு ஒரு கட்டிங், வேல முடிஞ்ச சந்தோஷத்துக்கு ஒண்ணு, சீசன் இல்லாத ஆடி மாசத்துல கையில காசு இல்லங்குற கவலைக்கு ஒண்ணு. ஆனா அவருக்கு குடிக்கு முன்னாடியே மனசு சரியில்லாம இருந்துருக்கு, சின்ன வயசுலயே நாள் கணக்குல யாருகிட்டயும் பேசாம சுருண்டு படுத்துக்குவாரு, அத அப்ப வீட்ல "சோம்பேறி"ன்னு திட்டினாங்க. பெரியவரானதும் தூக்கத்துக்கு குவாட்டர் பழகிருச்சு. மனநல டாக்டர்கிட்ட போனா "மொதல்ல குடிய நிறுத்திட்டு வாங்க"ம்பாங்க, குடி நிறுத்துற எடத்துக்குப் போனா "மன அழுத்தத்துக்கு தனியா டாக்டரப் பாருங்க"ம்பாங்க. ஓடு ஒழுகுறத ஒருத்தர் பாக்குறாரு, செவரு ஊறுறத இன்னொருத்தர் பாக்குறாரு, ரெண்டும் ஒரே தண்ணிதானன்னு யாருமே சொல்லல. இந்த சென்டர்ல ரெண்டுக்கும் ஒரே நோட்டு, ஒரே கவுன்சிலர், ஒரே டாக்டர். இந்த ஒரு காரணத்துக்காகவே நான் இத எல்லாருக்கும் சிபாரிசு பண்ணுவேன்.

டாக்டர் எங்களுக்கு சொன்ன விதமும் புடிச்சுருந்துச்சு. குடியே மனச்சோர்வ உண்டாக்கும், அதனால குடிக்கும்போது பாத்தா எது குடியால வந்தது எது முன்னாடியே இருந்ததுன்னு பிரிக்கிறது கஷ்டம், குடி நின்னு 2ல இருந்து 4 வாரம் வரைக்கும் பாக்கணும், பாதிப் பேருக்கு மேல தானா தெளிஞ்சு வரலாம், தெளியலன்னா அது தனி வியாதி, அதுக்கு தனியா மாத்திர வேணும்னாரு. அண்ணனுக்கு தெளியல. மாத்திர ஆரம்பிச்சாரு. "இந்த மாத்திரையும் ஒரு போதைதான"ன்னு அண்ணன் கேட்டதுக்கு அந்த டாக்டர் கோவிச்சுக்காம எந்த மாத்திர பழக்கமாகும் எது ஆகாதுன்னு ஒவ்வொரு அட்டையையும் கையில எடுத்துக் காட்டி விளக்கினாரு, தூக்க மாத்திரைய மட்டும் கொஞ்ச நாள்ல நிறுத்திரணும்னு தேதி எழுதியே குடுத்தாரு.

முக்கியமான விஷயம் ஒண்ணு, தயவு செஞ்சு எல்லாரும் படிங்க. இந்த சென்டர்ல குடிய நிறுத்த வைக்கிற மொத கட்டம், அதாவது டீடாக்ஸ், செய்ய மாட்டாங்க. தினமும் குடிக்கிற ஆள கூட்டிட்டுப் போனா அரசு ஆஸ்பத்திரிக்கு லெட்டர் குடுத்து அனுப்பிருவாங்க, ஒரு வாலண்டியர் கூடவே வருவாரு. மொதல்ல எங்களுக்கு அது அலைக்கழிக்கிற மாதிரி இருந்துச்சு, பிறகுதான் புரிஞ்சுச்சு அது எவ்வளவு சரின்னு. பல வருஷம் தினமும் குடிச்சவர் திடீர்னு நிறுத்துனா மொத நாளே கை நடுக்கம், வேர்வை, தூக்கமின்மை ஆரம்பிச்சுரும், 6ல இருந்து 48 மணி நேரத்துக்குள்ள ஃபிட்ஸ் வரலாம், 2, 3 நாள் கழிச்சு எங்க இருக்கோம்னே தெரியாம, இல்லாத பூச்சி பாம்பெல்லாம் தெரியுற அளவுக்குப் போகலாம், அதுல உயிர் போறவங்களும் உண்டு. நம்ம ஊர்ல ரூம்ல போட்டுப் பூட்டி வச்சா சரியாயிரும்னு நெனக்கிறாங்க, பேய் புடிச்சுருச்சுன்னு மந்திரிக்கக் கூட்டிட்டுப் போறாங்க, அது பேய் இல்ல, ஒடனே ஆஸ்பத்திரிக்கு தூக்கிட்டு ஓட வேண்டிய நெலம. அங்க பி1 வைட்டமின் ஊசி போட்டு, நடுக்கத்துக்கு மருந்த கொஞ்சம் கொஞ்சமா கொறச்சுக் குடுப்பாங்க. டீடாக்ஸுங்குறது சில நாள் வேலதான், அதுக்குப் பிறகு வர்ற மாசங்களுக்குத்தான் இந்த மாதிரி சென்டர் வேணும், ஆனா நம்ம ஆளுங்க டிஸ்சார்ஜ் ஆனதும் குணமாயிருச்சுன்னு வீட்டுக்கு கூட்டிட்டு வந்துர்றாங்க.

இதுக்கு முன்னாடி வேற மாவட்டத்துல ஒரு "மறுவாழ்வு மையம்"னு போர்டு வச்ச எடத்துல சேத்துருந்தோம். மூணு மாச பணத்த முன்கூட்டியே வாங்கிட்டாங்க, வண்டி அனுப்பி ராத்திரில நாலு பேரு வந்து தூக்கிட்டுப் போனாங்க, ஃபோன் குடுக்கல, பாக்க விடல. திரும்பி வந்தப்ப முதுகுல தழும்பு இருந்துச்சு. வீட்டுக்கு வந்த அன்னைக்கே குடிச்சாரு, கோவத்துல. எந்த இடம்னு நான் சொல்லப் போறதில்ல, ஆனா சேக்குறதுக்கு முன்னாடி என்ன கேக்கணும்னு சொல்றேன். 2017 மனநல பராமரிப்புச் சட்டம்னு ஒண்ணு இருக்கு, 2018 மே மாசத்துல இருந்து நடைமுறைல இருக்கு, குடி போதையால வர்ற மனநல பாதிப்பும் அதுக்குள்ள வரும். மனநோயாளிகள தங்க வச்சு பாக்குற எந்த எடமும் அதுல பதிவு பண்ணிருக்கணும், பதிவு சான்றிதழ காட்டச் சொல்லுங்க. எந்த விதத்துலயும் சங்கிலில கட்டக்கூடாதுன்னு அந்த சட்டத்துலயே இருக்கு. தன் விருப்பத்துல சேந்தவர் போறேன்னு கேட்டா அனுப்பி வைக்கணும், ரொம்ப அவசியம்னா 24 மணி நேரம் வரைக்கும்தான் நிறுத்தி வச்சு பரிசோதிக்கலாம். இதெல்லாம் எனக்கு இந்த டே சென்டர்ல குடும்பத்துக்கு நடத்துற கூட்டத்துலதான் தெரிஞ்சுச்சு, முன்னாடியே தெரிஞ்சுருந்தா அந்த கேட்டுக்கு வெளியவே கேள்வி கேட்டுருப்போம்.

சங்கிலின்னதும் நம்ம பக்கத்து ஆளுங்களுக்கு ராமநாதபுரம் மாவட்டத்து ஏர்வாடி ஞாபகம் வராம இருக்காது. 2001 ஆகஸ்ட் 6ஆம் தேதி காலைல அங்க ஒரு மனநல காப்பகத்துல கொட்டகை தீப்புடிச்சு 28 பேரு செத்தாங்க, கால்ல சங்கிலி இருந்ததால ஓட முடியல. எங்க அம்மாவுக்கு தெரிஞ்ச ஒருத்தவங்க பையனையும் அந்தக் காலத்துல ஏர்வாடி பக்கம் கொண்டு போய் விட்டுட்டு வந்தாங்களாம், வேற வழி தெரியாத குடும்பங்கதான் எல்லாம், அவங்கள நான் குத்தம் சொல்ல மாட்டேன். தர்காவுக்குப் போறதும் கோயிலுக்குப் போறதும் அவங்கவங்க நம்பிக்க, ஏர்வாடி தர்கா பக்கத்துலயே இப்ப மனநல டாக்டர் பாக்குற ஏற்பாடு "தவா துவா"ன்னு இருக்கு, மருந்தும் பிரார்த்தனையும் சேத்து, இந்த சென்டர்லயும் அந்த எண்ணம்தான். சாமி கும்பிடாதன்னு யாரும் சொல்றதில்ல. அண்ணன் முருகனுக்கு மாலை போட்டா ஒரு சொட்டு தொட மாட்டாரு, மாலைய கழட்டுன அன்னைக்கு ராத்திரியே ஆரம்பிச்சுருவாரு, வருஷா வருஷம் இதான் கத. கவுன்சிலர் மேடம் அத கேலி பண்ணாம "மாலை போட்டிருக்கும்போது சாயங்காலம் 6 மணிக்கு என்ன பண்ணுவீங்க, யார் கூட இருப்பீங்க, எங்க தூங்குவீங்க"ன்னு ஒண்ணொண்ணா கேட்டு எழுதிக்கிட்டாங்க. பஜனை, காலைல குளியல், தனிச் சாப்பாடு, பழைய கூட்டத்தோட சேராம இருக்குறது, எல்லாரும் "சாமி"ன்னு மரியாதையா கூப்புடுறது. அதுல எதெல்லாம் மாலை இல்லாமயும் வச்சுக்க முடியும்னு பாத்தாங்க. எனக்கு அந்த இடத்துலதான் இவங்க மேல பெரிய மரியாத வந்துச்சு.

தினசரி என்ன நடக்கும்னு கேக்குறவங்களுக்கு. காலைல 9:30க்கு வந்து கையெழுத்து, டீ, பேப்பர் வாசிக்கிறது, அப்புறம் வேல. வேலன்னா பெரும்பாலும் கொட்டான். பனை ஓலைய வாங்கி வகுந்து சாயம் ஏத்தி பின்னுறாங்க, நம்ம கல்யாண வீட்டுல தாம்பூலம், பலகாரம் வச்சுக் குடுக்குற அதே கொட்டான்தான், ஓரத்துல பாசி மணி கோத்து அழகா வரும். ஊர்ல ஒரு ஆச்சி வந்து சொல்லிக் குடுக்குறாங்க, எம்பது வயசுக்கு மேல இருக்கும், கை அவ்வளவு வேகம். நடுங்குற கை உள்ளவங்களுக்கு மொதல்ல பெரிய பின்னல், கை நின்னதும் சின்ன பின்னல். குரல் கேக்குதுன்னு சொல்ற சிக்கல் உள்ளவங்க சிலர் இருக்காங்க, சிஸோஃப்ரினியா, அவங்களும் குடியில இருந்து மீண்டு வர்றவங்களும் ஒரே பாயில உக்காந்து பின்னுவாங்க. ஆரம்பத்துல அண்ணனுக்கே அது புடிக்கல, "பைத்தியங்க கூட ஒக்கார வச்சுட்டாங்க"ன்னு வீட்ல வந்து கத்துனாரு. இப்ப அதுல ஒரு தம்பி ஒரு நாள் வரலன்னா அண்ணன்தான் மொதல்ல ஃபோன் போடுறாரு, "மாத்திர போட்டியாடா"ன்னு கேக்குறாரு. மத்தியானம் சாப்பாட்டுக்கு அப்புறம் குரூப்பா பேசுறது, 4 மணிக்கு கெளம்பிரலாம்.

தீபாவளிக்கு முன்னாடி முறுக்கு, தேன்குழல், சீப்புச் சீடை, மணகோலம் எல்லாம் போட்டு விக்கிறாங்க. அண்ணன் அதுக்கு தலைம. பழைய அடுப்படி வாசனை பழைய நெனப்ப கெளப்பும்னு கவுன்சிலர் மேடம் மொதல்ல தயங்கித்தான் விட்டாங்க, பக்கத்துல ஒரு ஆள் எப்பவும் இருக்கணும், ராத்திரி வேல கெடையாதுன்னு கண்டிஷன். வந்த லாபத்துல வேல செஞ்ச எல்லாருக்கும் பங்கு குடுத்தாங்க, கணக்க வளவு தூணுல ஒட்டி வச்சாங்க. அண்ணன் அந்தக் காச கொண்டு வந்து மதினி கையில குடுத்தாரு, மதினி ஒண்ணும் பேசல, எண்ணிப் பாக்காம சாமி படத்துக்கிட்ட வச்சாங்க.

குடும்பத்துக்குன்னு தனியா கூட்டம் இருக்கு, மாசத்துல ரெண்டு சனிக்கிழம. அம்மா மொதல்ல "குடிக்கிறது அவன், நாங்க எதுக்கு வரணும், நாலு பேரு பாத்தா என்ன சொல்லுவாக"ன்னு வரவே இல்ல. வந்த பிறகு விடுறதில்ல. அங்க ஒரு அம்மா பேசுனத கேட்டு பலரும் வாயடச்சு போய்ட்டோம். டவுன்ல யாரோ குடி நிறுத்துற பொடின்னு குடுத்துருக்காங்க, அவங்க வீட்டுக்காரருக்குத் தெரியாம கொழம்புல கலந்து குடுத்துருக்காங்க, அவரு அன்னைக்கு குடிச்சுட்டு வந்து முகமெல்லாம் செவந்து, நெஞ்சு படபடத்து, வாந்தி எடுத்து மயங்கி விழுந்து, ஆஸ்பத்திரில கொண்டு போய்த்தான் பொழச்சாரு. அன்னைக்கு டாக்டர் விளக்கினாரு. டைசல்ஃபிரம்னு ஒரு மாத்திர உண்மையிலயே இருக்கு, குடிச்சா உடம்பு இப்படி எதிர்க்கும், ஆனா அது குடிக்கிறவருக்குத் தெரிஞ்சு, அவரு சம்மதிச்சு, ரத்தம், லிவர், இதயம் எல்லாம் பாத்து டாக்டர் குடுக்க வேண்டிய மருந்து, நிறுத்துன பிறகும் ரெண்டு வாரம் வரைக்கும் அதோட வேகம் உடம்புல இருக்கலாம், தெரியாம குடுத்தா ஆளே போயிரலாம். எந்தப் பொடில என்ன கலந்துருக்குன்னும் யாருக்கும் தெரியாது. "குடிகாரரத் தெரியாமலேயே திருத்தலாம்"னு பஸ் ஸ்டாண்டு செவுத்துல போஸ்டர் பாத்தா நம்பாதீங்க, தயவு செஞ்சு.

மதினிக்கு அந்தக் கூட்டத்துல கெடச்சது வேற. இத்தன வருஷமா அண்ணன் குடிக்கிறதுக்கு மதினிதான் காரணம்னு சொந்தக்காரங்க வாயில விழுந்து எழுந்தவங்க அவங்க, "நீ நல்லா வச்சுருந்தா அவன் எதுக்கு போறான்"னு எங்க அத்தையே கேட்டுருக்காங்க. உலகம் பூரா அல்-அனான்னு குடிக்கிறவங்க குடும்பத்துக்குன்னு நடக்குற கூட்டங்கள்ல சொல்றது மாதிரியே இங்கயும் சொன்னாங்க, குடிய நீங்க உண்டாக்கல, உங்களால அத கட்டுப்படுத்தவும் முடியாது, குணப்படுத்தவும் முடியாது. அத கேட்டுட்டு மதினி அழுதாங்க பாருங்க, எனக்கு இப்பவும் தொண்ட அடைக்குது. மதினிக்கு தனியா கவுன்சிலிங்கும் குடுத்தாங்க, அவங்களுக்கே தூக்கம், பசி எல்லாம் போயிருந்துச்சு, அத யாரும் கவனிக்கல, நாங்களும்தான்.

சாயங்காலம் சென்டர் மூடுன பிறகு வாரத்துல சில நாள் அதே முகப்புல ஏ.ஏ. குரூப் கூடும், ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்னு குடிய நிறுத்த நெனக்கிறவங்க தங்களுக்குள்ள பேசிக்கிற கூட்டம். அது டிரஸ்ட்டோட வேல இல்ல, அவங்க தனி, எடத்துக்கு அவங்க உண்டியல்ல சேருற காச வச்சு வாடகை குடுத்துருவாங்க, வெளி ஆளுங்ககிட்ட நன்கொடை வாங்குறதில்ல. 1935ல அமெரிக்காவுல ரெண்டு குடிகாரங்க ஒருத்தருக்கொருத்தர் பேசி ஆரம்பிச்சது, இன்னைக்கு நம்ம தெருவுல கொத்தனாரும் பேங்க் ஆபீசரும் ஒரே பெஞ்சுல உக்காந்து பேசுறாங்க. கட்டணம் இல்ல, குடிய நிறுத்தணும்ங்குற ஆச இருந்தா போதும், பேரு கூட சொல்ல வேணாம். "இன்னைக்கு ஒரு நாள் மட்டும்"ங்குறதுதான் அவங்க கணக்கு. ஏ.ஏ. மட்டும் போதும்னு நான் சொல்ல மாட்டேன், மாத்திர சாப்பிடுறவங்கள பாத்து அதையும் விட்டுருங்கன்னு சொல்ற பழைய ஆள் ஒருத்தர் அங்கயும் இருந்தாரு, சென்டர்ல இதப் பத்தி சொன்னோம், டாக்டர் குடுத்த மருந்த ஏ.ஏ.ல யாரும் நிறுத்தச் சொல்லக்கூடாதுன்னு அந்த குரூப் மூத்தவங்களே அவருகிட்ட பேசிட்டாங்க.

நடுவுல அண்ணன் ஒரு தடவ சறுக்குனாரு. கொப்புடையம்மன் கோயில் செவ்வாய்ப் பெருந்திருவிழா நேரம், பழைய சமையல் செட்டு ஆளுங்க வந்தாங்க, அவ்வளவுதான், சில நாள் தொடர்ச்சியா ஓடுச்சு. சென்டர்ல இருந்து விரட்டிருவாங்கன்னு நெனச்சோம். வாலண்டியரா இருக்குற ஒரு ரிட்டயர்டு வாத்தியாரு டிவிஎஸ் 50ல வீட்டுக்கே வந்து திண்ணைல உக்காந்து "அண்ணே, சாப்டீங்களா"ன்னு கேட்டாரு, குடியப் பத்தி அன்னைக்கு பேசவே இல்ல, நடுக்கம் இருக்கான்னு மட்டும் பாத்துட்டு ஆஸ்பத்திரிக்குப் போற நேரத்த சொல்லிட்டுப் போனாரு. திரும்பி வந்ததும் கவுன்சிலர் மேடம் திட்டாம, எந்த நேரத்துல, யாரு ஃபோன் வந்தப்ப, மனசு எப்படி இருந்துச்சுன்னு உக்காந்து அலசுனாங்க. அதுல என்ன வெளிய வந்துச்சுன்னா திருவிழாவுக்கு ரெண்டு வாரம் முன்னாடியே அண்ணன் மனச்சோர்வு மாத்திரைய நிறுத்திட்டாரு, நல்லாயிருச்சுன்னு நெனச்சு. குடி மட்டும் பாக்குற எடமா இருந்தா இத கண்டுபுடிச்சுருக்கவே மாட்டாங்க. அதுக்கப்புறம் திருவிழா, தீபாவளி, பொங்கல், வீட்டு விசேஷம் எல்லாத்துக்கும் முன்னாடி அவங்களே ஃபோன் பண்றாங்க. டாஸ்மாக் மத்தியானம் 12ல இருந்து ராத்திரி 10 வரைக்கும், அந்த நேரத்துல எந்த வழியா வீட்டுக்கு வரணும்னு வரைக்கும் அண்ணன் கூட உக்காந்து திட்டம் போட்டுக் குடுத்துருக்காங்க, ஏன்னா அவரு வழக்கமா வர்ற ரோட்டுல கட இருக்கு.

இந்த மாதிரி சேவை எல்லாம் எங்கருந்து வந்துச்சுன்னு பின்னாடி தேடிப் படிச்சேன். சாந்தி ரங்கநாதன் அம்மா, தன் கணவர குடியால பறிகொடுத்துட்டு 1980ல சென்னைல குடிநோய்க்குன்னே டி.டி.கே. ஆஸ்பத்திரிய ஆரம்பிச்சாங்க, பிறகு ஆஸ்பத்திரிக்கு வர முடியாத கிராமத்து ஆளுங்களுக்கு ஊருக்குள்ளயே முகாம் போட்டாங்க. சாரதா மேனன் டாக்டர் 1984ல சிஸோஃப்ரினியா உள்ளவங்களுக்காக ஸ்கார்ஃப், மனசு சரியில்லாம ரோட்டுல திரிஞ்ச பொண்ணுங்களுக்காக 1993ல பேனியன்ங்குற அமைப்பு, நம்ம பக்கம் மதுரைல டாக்டர் ராமசுப்பிரமணியன் 1992ல மனநலத்துக்குன்னு எம்.எஸ். செல்லமுத்து டிரஸ்ட். எல்லாமே யாரோ ஒருத்தரு தாங்க முடியாம ஆரம்பிச்சது. ஆனா எல்லாம் சென்னை, மதுரை. தேவகோட்டைலயும் புதுவயல்லயும் இருக்குற ஆளு ஒரு நாள் கூலிய விட்டுட்டு மதுரைக்கு எத்தன தடவ போக முடியும். ஒரு ஊருக்கு ஒண்ணுன்னு இப்படி சின்ன இடங்க வேணும்னு நான் கேக்குறது அதுனாலதான்.

இப்ப குறைங்க. பெரிய குற பொம்பளைங்களுக்கு வாரத்துல ஒரே ஒரு நாள்தான். மனசு சரியில்லாத பொண்ணுங்க நம்ம ஊர்ல வீட்டுக்குள்ளயே கெடக்குறாங்க, குடிக்கிற பொம்பளைங்களும் இருக்காங்க, அவங்க வெளிய வர்றதே பெருசு, வந்தா புதன்கிழம வாங்கன்னு திருப்பி அனுப்புறது எனக்கு மனசுக்கு ஒப்பல. கேட்டா லேடி ஸ்டாஃப் பத்தலங்குறாங்க, உண்மைதான், ஆனா சமையலுக்கு வர்ற அக்காவுக்கே பயிற்சி குடுத்து இன்னொரு நாள் சேக்கலாம்னு நான் எழுதிக் குடுத்துருக்கேன். ரெண்டாவது, டாக்டர் மாசத்துக்கு ரெண்டு நாள்தான் வர்றாரு, அன்னைக்கு கூட்டம் நெரியுது, டோக்கன் 10 மணிக்குள்ள தீந்துரும், திருப்பத்தூர் பக்கம் இருந்து வர்றவங்களுக்கு கெடைக்கிறதே இல்ல. வெளியூர் ஆளுங்களுக்குன்னு கொஞ்சம் டோக்கன் ஒதுக்கலாம். மூணாவது, டாய்லெட் பின்கட்டுல ஒசரமான படி ஏறிப் போகணும், மாத்திரையால தல சுத்துறவங்களுக்கு அது ஆபத்து, ஒரு கைப்புடி கம்பியாவது போடலாம், பல தடவ சொல்லியாச்சு. சாயங்காலம் 6க்கு மேல ஃபோன் எடுக்க மாட்டாங்க. குடிக்கிற வீட்ல பிரச்சன ஆரம்பிக்கிறதே 6 மணிக்கு மேலதான்.

அந்த நேரத்துக்கு நாங்க 14416 கூப்புடுவோம். டெலி மனஸ், 2022 அக்டோபர்ல இருந்து அரசாங்கம் நடத்துறது, ராத்திரி பகல் எந்நேரமும் எடுப்பாங்க, தமிழ்ல பேசலாம், காசு இல்ல. போதைக்குன்னு தனியா 14446 இருக்கு. உயிர மாய்ச்சுக்கணும்னு வீட்ல யாராவது பேசுனா, விளையாட்டுக்கு சொல்றாங்கன்னு விட்டுறாதீங்க, குடிச்சுட்டு ஒளர்றாங்கன்னும் விட்டுறாதீங்க, குடியும் மனச்சோர்வும் சேந்துருக்குறவங்களுக்கு அந்த ஆபத்து ரொம்ப அதிகம், பக்கத்துல இருந்துக்கிட்டே கூப்புடுங்க. கேஸ் ஆயிரும்னு பயந்து ஆஸ்பத்திரிக்கு போகாம இருக்குறாங்க, அந்த பயம் வேணாம், முயற்சி பண்ணவங்கள கடுமையான மன அழுத்தத்துல இருந்தவங்களாதான் பாக்கணும், தண்டிக்கக்கூடாதுன்னு 2017 சட்டமே சொல்லுது.

செலவப் பத்தி. பதிவுக்கு ஒரு சின்ன தொகை, முடியாதவங்களுக்கு அதுவும் இல்ல, சாப்பாடு இலவசம், மாத்திர பெரும்பாலும் அரசு ஆஸ்பத்திரில வாங்கிக்கச் சொல்வாங்க, அங்க இல்லாதத மட்டும் வெளிய வாங்கணும். பணம் குடுன்னு நம்மகிட்ட ஒரு தடவ கூட ஜாடையா கூட கேக்கல. நன்கொடை குடுத்தா வருமான வரில கழிச்சுக்க 80ஜி ரசீது தர்றாங்க. பொறந்த நாள், திதி இதுக்கு சாப்பாட்டு செலவ ஏத்துக்கலாம், ஆனா குடுக்குறவங்க நேர்ல வந்து பரிமாறி ஃபோட்டோ எடுக்க விட மாட்டாங்க, சில பேருக்கு இதுல வருத்தம், என்னப் பொறுத்த வரைக்கும் அது ரொம்ப சரி. பணத்த விட அவங்களுக்கு அவசரமா வேண்டியது ஆளுங்க, வாரத்துல ஒரு மத்தியானம் வந்து கணக்கு எழுத, ஆஸ்பத்திரிக்கு கூடப் போக, சும்மா உக்காந்து தாயம் ஆட. ரிட்டயர் ஆனவங்க நம்ம ஊர்ல எவ்வளவோ பேரு இருக்கீங்க.

மொத தடவ போறவங்க பழைய மருந்துச் சீட்டு, ஆஸ்பத்திரி டிஸ்சார்ஜ் பேப்பர், ஆதார் காப்பி எடுத்துட்டுப் போங்க. மாற்றுத்திறனாளிகளுக்கு அரசாங்கம் குடுக்குற யுடிஐடி அடையாள கார்டு இல்லன்னா அதுக்கு எப்படி விண்ணப்பிக்கிறதுன்னும் அங்கயே வழி சொல்வாங்க, 2016 மாற்றுத்திறனாளிகள் சட்டத்துல நாள்பட்ட மனநோயும் சேந்துருக்கு, நெறைய பேருக்கு இது தெரியல. குடிச்ச நிலைல கூட்டிட்டுப் போனா குரூப்ல உக்கார வைக்க மாட்டாங்க, ஆனா வெளிய தொரத்தவும் மாட்டாங்க, முகப்புல படுக்க வச்சு டீ குடுத்து யாரையாவது வரச் சொல்வாங்க. ஆளு வர மாட்டேங்குறாருன்னா நீங்க மட்டும் மொதல்ல போங்க, குடும்பக் கூட்டத்துக்கு அவரு வரணும்னு இல்ல, எங்க மதினி அப்படித்தான் ஆரம்பிச்சாங்க. கல்யாணத்துக்கு கொட்டான் வேணும்னா ஒரு மாசம் முன்னாடியே சொல்லிருங்க, தை, ஆவணி முகூர்த்தத்துக்கு இப்பவே ஆர்டர் நெறஞ்சு நிக்குது, வீட்டுப் பேரு எழுதணும்னா தனியா கேட்டுக்கங்க.